நோய் பரப்பும் வீட்டுப் பூச்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு வீடாகப் போய்த் தொட்டி, வாளி, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுவது என் வேலை. கதவைத் திறப்பவர்கள் முதலில் கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். "அது எங்கே முட்டை போடுகிறது என்று பார்த்தீர்களா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பறப்பதையும் ஓடுவதையும் துரத்திப் பிடிப்பது கஷ்டம். முட்டையும் புழுவும் கூடும் கிடந்த இடத்திலேயே கிடக்கும், அங்கேதான் அவை நம் கைக்கு அகப்படும். கீழே உள்ள பதில்களை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஸ்பிரே அடித்தால் இரண்டு நாள் நிம்மதி. அடுத்த வாரமே பூச்சிகள் திரும்ப வந்துவிடுகின்றனவே, ஏன்?

திரும்ப வந்தவை செத்தவற்றின் பிள்ளைகள். ஸ்பிரே அந்த நேரத்தில் வெளியே இருந்த வளர்ந்த பூச்சிகளைத்தான் கொல்கிறது. முட்டையின் ஓட்டைத் தாண்டி மருந்து உள்ளே இறங்குவது அரிது. தண்ணீருக்குள் நெளியும் கொசுப்புழுவை அறைக்குள் அடித்த மருந்து எட்டவே எட்டாது. வெப்பமான நாட்களில் கொசுவுக்கும் ஈக்கும் முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். நீங்கள் சொல்லும் "அடுத்த வாரம்" அந்தக் கணக்குதான்.

பூச்சிகள் வளரும் விதத்தில் இரண்டு வகை உண்டு. கொசு, ஈ, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றுக்கு முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த பூச்சி என நான்கு பருவம். இவற்றில் புழுவைப் பார்த்து இன்ன பூச்சியின் பிள்ளை என்று சொல்லவே முடியாது. உருவம், உணவு, இருப்பிடம் எல்லாமே வேறு. கரப்பான், மூட்டைப்பூச்சி, பேன் மூன்றுக்கும் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையை விட்டு வரும்போதே தாயின் சிறிய வடிவமாக வரும், தோலை உரித்து உரித்துப் பெரிதாகும். தாயும் குஞ்சும் ஒரே இடுக்கில் குடியிருக்கும். முதல் வகையை அடக்க வேண்டுமானால் புழு வளரும் இடத்தைத் தேட வேண்டும். இரண்டாம் வகைக்கு ஒளிந்திருக்கும் இடத்தைத் தேட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவைத் தூக்குவதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டேன். அது போதாதா?

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பொறுத்தவரை போதாது. இது பலருக்கும் தெரியாத விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பாத்திரச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். கருப்பாக, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியதாக இருக்கும். தூசி என்று நினைத்துவிடுவோம். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் சாவதில்லை. காய்ந்த சுவரிலேயே மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டதும் பொரிந்துவிடும். மழை தொடங்கிய ஓரிரு வாரத்தில் திடீரென்று கொசு பெருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். சொரசொரப்பான பிரஷ்ஷால் உள்சுவர் முழுக்க, முக்கியமாகத் தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே, அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய தண்ணீரை வேறு பாத்திரத்திலோ சாக்கடையிலோ ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

இதை வாரம் ஒரு முறை செய்யச் சொல்வது ஏன்? மாதம் ஒரு முறை செய்தால் ஆகாதா?

ஆகாது. முட்டை பொரிந்து வரும் புழு நான்கு முறை தோல் உரிக்கும். நல்ல வெப்பத்தில் ஐந்தாறு நாளில் கூட்டுப்புழுவாகும். காற்புள்ளி போல வளைந்திருக்கும் அந்தக் கூட்டுப்புழு எதையும் தின்னாது, இரண்டு நாளில் முதுகு வெடித்துக் கொசுவாகிவிடும். வாரத்துக்கு ஒரு முறை தொட்டியைக் காலி செய்தால் எந்தப் புழுவும் இந்தக் கடைசிப் படியை எட்டாது. மாதம் ஒரு முறை என்றால் இடையில் மூன்று ஈடு கொசுகூடப் பறந்து போயிருக்கும். மறக்காமல் இருக்க வாரத்தில் ஒரு கிழமையை நிர்ணயித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கண்ணாடிப் புட்டியில் நான்கைந்து புழுக்களை விட்டு, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டிக் குழந்தைகளுக்குக் காட்டுவேன். தலை கீழே, வால் மேலே தொங்கும். வாலில் உள்ள குழாயைத் தண்ணீர் மட்டத்துக்கு வெளியே நீட்டி மூச்சு விடும். கையின் நிழல் பட்டால் எல்லாம் ஒன்றாகச் சுருண்டு சுருண்டு அடியில் இறங்கும், மூச்சு முட்டியதும் ஒவ்வொன்றாக மேலே வரும். கடைசி நாளில் கூட்டுப்புழுவின் தோல் பிளந்து கொசு வெளியே வரும். கழற்றிப் போட்ட தன் தோலின் மேலேயே, படகில் நிற்பதுபோல நின்று சிறகைக் காய வைக்கும். இதை ஒரு முறை பார்த்த குழந்தை இருக்கும் வீட்டில் மூடாத வாளியை நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் தண்ணீர் தேங்கும் இடமே இல்லை. பிறகு எப்படிக் கொசு?

இப்படிச் சொன்ன வீடுகளில் நான் புழு எடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். தொட்டி மூடியிருந்தது, வாளியெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தார்கள், மாடி துடைத்தாற்போல இருந்தது. அந்த அம்மாவுக்கு நான் சந்தேகப்படுவதே வருத்தம். கடைசியில் ஃபிரிட்ஜைச் சற்று முன்னால் இழுத்துப் பின்பக்கம் அடியில் உள்ள தட்டை உருவினேன். ஒரு டம்ளர் தண்ணீர்கூட இருக்காது, அதில் முப்பதுக்கு மேல் புழு. இருட்டு, ஈரம், வெதுவெதுப்பு, யாரும் தொடாத இடம். ஏடிஸுக்கு வேறென்ன வேண்டும்?

தேடும்போது "தண்ணீர் எங்கே இருக்கிறது?" என்று பார்ப்பதைவிட "யாரும் ஒரு வாரமாகத் தொடாத தண்ணீர் எங்கே இருக்கிறது?" என்று பாருங்கள். கண் போகாத இடங்கள் அப்போது தெரியும்: ஏர்கூலரின் அடித்தொட்டி, ஏசி தண்ணீர் சொட்டும் டப்பா, பூந்தொட்டித் தட்டு, மணிப்பிளான்ட் வைத்த பாட்டில், பயன்படுத்தாத கழிவறையின் ஃபிளஷ் தொட்டி, மழைநீர் வடியும் தகரக் கால்வாயில் இலை அடைத்த இடம், மாடியில் போட்ட பழைய டயர், தார்ப்பாய் மடிப்பு. ஒரு பாட்டில் மூடியளவு தண்ணீரில்கூட ஏடிஸ் வளரும். அதுவும் ஒரு முறைக்கான முட்டைகளை ஒரே இடத்தில் போடாமல் நாலைந்து இடங்களில் பிரித்துப் போடும் பழக்கம் அதற்கு உண்டு. ஒரு பாத்திரத்தைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

கொசு சாக்கடையில் வளருமா, நல்ல தண்ணீரில் வளருமா?

எந்தக் கொசு என்பதைப் பொறுத்தது. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா பரப்பும் ஏடிஸ் வீட்டுப் பாத்திரங்களில் தேங்கும் தெளிந்த நீரில் வளரும், பகலில் கடிக்கும். காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்னும் அதிகம் கடிக்கும். யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸ் சாக்கடை, செப்டிக் டேங்க் போன்ற அழுக்கு நீரில் படகு போல ஒட்டிய கூட்டமாக முட்டையிடும், இரவில் கடிக்கும். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் பெரும்பாலும் ஓரளவு சுத்தமான நீரைத் தேடும், அதுவும் இரவில்தான் கடிக்கும். அதன் புழுவுக்கு வாலில் மூச்சுக்குழாய் இல்லை, நீர்மட்டத்தில் படுத்தாற்போல மிதக்கும். சாக்கடையை மட்டும் சுத்தம் செய்து டெங்குவை நிறுத்த முடியாததற்குக் காரணம் இதுதான். செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். மிகச் சின்ன வேலை, கியூலெக்ஸ் வெளியே வரும் பெரிய வாசல் ஒன்று அடைபடும்.

கடித்த கொசு எல்லாம் நோய் தருமா?

தராது. ஆண் கொசு கடிப்பதே இல்லை, செடிச் சாறு குடித்து வாழும். பெண்ணுக்கும் ரத்தம் முட்டை உருவாவதற்குத்தான். பெண் கொசுவும் பெரும்பாலும் பிறக்கும்போது நோயோடு பிறப்பதில்லை. (ஏடிஸில் தாயிடமிருந்து முட்டைக்கு வைரஸ் போவது உண்டு, ஆனால் பரவலுக்கு அது முக்கிய வழி இல்லை.) நோயாளி ஒருவரை அது முதலில் கடிக்க வேண்டும். குடித்த ரத்தத்தில் வந்த கிருமி கொசுவின் குடலைத் தாண்டி, உடலெங்கும் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். டெங்குவுக்கு இதற்கு ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும். மலேரியாவுக்கும் பத்து நாளை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும்.

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் கண்டதும் இதன் ஒரு கட்டம்தான். மலேரியா நோயாளியின் ரத்தம் குடித்துச் சில நாளான கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியின் உருண்டைகளைப் பார்த்தார். மறுநாள் அதே கூட்டத்தில் இன்னொரு கொசுவை அறுத்தபோது அவை இன்னும் பெரிதாகியிருந்தன. கிருமி கொசுவுக்குள் வளர்கிறது என்று அப்போது தெரிந்தது.

கொசு வாழ்வதே சில வாரங்கள். கிருமியை வளர்த்து முடிக்கும் அளவுக்கு வயதான கொசுவே ஆபத்தான கொசு. வலை கட்டிப் படுப்பது, வலையிலும் சுவரிலும் மருந்து பூசுவது போன்றவை கொசுவின் ஆயுளைச் சில நாள் குறைத்தாலும் போதும், நோய் பரவல் அதைவிட வேகமாகக் குறையும்.

எச்.ஐ.வி. கொசுக்கடியில் பரவுமா?

பரவாது. அந்த வைரஸ் கொசுவுக்குள் பெருகுவதில்லை, ரத்தத்தோடு சேர்ந்து செரித்துப் போகிறது. கொசு முன்பு குடித்த ரத்தத்தை அடுத்தவர் உடம்பில் செலுத்துவதும் இல்லை, உமிழ்நீரை மட்டுமே செலுத்துகிறது.

தெருவில் புகை அடித்தார்கள். இனி கவலை இல்லையா?

அந்த நேரத்தில் பறந்துகொண்டிருந்த கொசுக்கள் சாகும், அவ்வளவுதான். ஏடிஸ் பெரும்பாலும் வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். தெருவில் போகும் புகை அதுவரை போய்ச் சேர்வது குறைவு. முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றுக்கும் ஒன்றும் ஆகாது. நோய் பரவும்போது அவசரத்துக்குப் புகை உதவும். அதை நம்பித் தொட்டியைத் தேய்க்காமல் விட்டால் அடுத்த வாரம் புதுக்கொசு தயார்.

குடிநீர்த் தொட்டியை வாரா வாரம் காலி செய்ய முடியாதே?

அதற்கு மூடிதான் வழி. விரல் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. மூடி பொருந்தாவிட்டால் மெல்லிய வலைத்துணியை மேலே போட்டுச் சுற்றிலும் கயிற்றால் இறுக்குங்கள். நிரம்பி வழியும் குழாயின் வாயையும் மறந்துவிடாதீர்கள்.

மூட முடியாத நீர்நிலைக்குப் புழுக்கொல்லி உண்டு. அதில் எனக்கு மிகவும் நம்பிக்கை உள்ளது பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து. 1976-இல் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்துக் கிடந்த ஒரு குட்டையிலிருந்து கண்டெடுத்தது. புழு இதைத் தின்றதும் அதன் குடல் சிதைந்துபோகும். மனிதருக்கோ வீட்டு விலங்குக்கோ மீனுக்கோ கெடுதல் இல்லை. ஆனால் தின்றால்தான் வேலை செய்யும், கூட்டுப்புழு எதையும் தின்னாது என்பதால் அதன் மேல் பலிக்காது. மருந்து போட்ட பிறகும் இரண்டு நாள் கொசு வருவது இதனால்தான். டெமிபாஸ் என்ற ரசாயனமும் பயன்பாட்டில் உள்ளது. குடிநீரில் போடுவதானால் சுகாதாரப் பணியாளர் சொல்லும் அளவுக்கு மேல் ஒரு துளியும் போடாதீர்கள்.

கப்பி மீன் தொட்டிப் புழுவை நன்றாகத் தின்னும். அதைப் போலவே புழு தின்னும் கம்பூசியா மீனைக் குளத்திலோ ஓடையிலோ விடுவதை மட்டும் நான் எதிர்ப்பேன். அது அங்குள்ள சொந்த மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் அழித்துவிடும்.

களிம்பு, சுருள், ஒலிக்கருவி: எதை நம்பலாம்?

தோலில் தடவுவதில் டீட், பிகாரிடின் இரண்டும் நன்கு சோதிக்கப்பட்டவை. வெயில் களிம்பும் போடுவதானால் அதை முதலில் போட்டுவிட்டு இதை மேலே தடவுங்கள். துணிக்கு அடியில், காயத்தின் மேல், குழந்தையின் கையில் தடவ வேண்டாம். இரண்டு மாதத்துக்கும் குறைவான குழந்தைக்குக் களிம்பே வேண்டாம், வலை போதும். கொசுவத்திச் சுருள் கொசுவை விரட்டும், ஆனால் மூடிய அறையில் விடிய விடிய அதன் புகையைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் என்று விற்கும் கருவிகளால் பயன் இல்லை.

வலையைப் போல நம்பகமானது வேறில்லை. பகலில் தூங்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் பகலிலேயே கட்டுங்கள், ஏடிஸ் பகல் கொசு.

ஈ உட்கார்ந்தால் அப்படி என்ன ஆகிவிடும்?

ஈயால் மெல்ல முடியாது. கெட்டியான உணவின் மேல் உட்கார்ந்ததும் உமிழ்நீரையும் முன்பு குடித்ததையும் கக்கி, உணவைக் கரைத்து, பஞ்சு போன்ற வாயால் உறிஞ்சும். உட்கார்ந்த இடத்திலேயே கழிக்கவும் செய்யும். சற்று முன் அது மலத்தின் மேலோ அழுகலின் மேலோ உட்கார்ந்திருந்தால் அந்தக் கிருமிகள் காலின் மயிர்களிலும் வயிற்றிலும் கூடவே வந்திருக்கும். வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைஃபாய்டு, காலரா போன்றவற்றை இப்படிச் சுமந்துவர முடியும். கொசுவைப் போல இங்கே காத்திருப்புக் காலமே இல்லை. அங்கிருந்து இங்கே பறந்து வரும் நேரம்தான்.

ஈயை அடக்க எளிய வழி என்ன?

குப்பையை நாள் கணக்கில் வைக்காமல் இருப்பது. பெண் ஈ ஈரமான குப்பையில், சாணத்தில் ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல்கூடப் போடும். ஒரு நாளுக்குள் பொரியும். வெள்ளைப் புழு நான்கைந்து நாள் தின்று கொழுத்ததும் ஈரத்தை விட்டுக் காய்ந்த மண்ணுக்கு ஊர்ந்து போய், செம்பழுப்பான நெல்மணி போன்ற கூடாகும். குப்பைத்தொட்டியைச் சுற்றிய மண்ணைக் கிளறினால் இந்தக் கூடுகள் கிடைக்கும். புழு ஊர்ந்து வெளியேறுவதற்குள் குப்பை போய்விட வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறையாவது, முடிந்தால் தினமும். தொட்டியின் அடியில் ஒட்டியதையும் கழுவ வேண்டும், அந்த ஒரு விரல் கனத்தில் நூற்றுக்கணக்கான புழு வளரும். சாணம் இருந்தால் குவிக்காமல் மெல்லியதாகப் பரப்பிக் காய விடுங்கள். காய்ந்ததில் ஈ முட்டையிடாது.

ஈயைப் பொசுக்கும் மின்விளக்கை உணவு வைக்கும் மேடைக்கு மேலே மாட்டாதீர்கள். வெடித்த ஈயின் துகள்கள் கீழே விழும்.

கரப்பானுக்கு எவ்வளவு அடித்தாலும் குறையவில்லை. என்ன தவறு?

பெரும்பாலும் மருந்து தவறு, இடமும் தவறு. முதலில் எந்தக் கரப்பான் என்று பாருங்கள். கட்டைவிரல் நீளத்தில் செம்பழுப்பாக, சாக்கடைக் குழாய் வழியே வருவது அமெரிக்கக் கரப்பான். விரல்நகம் அளவில் வெளிர்பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளோடு அடுக்களை இடுக்குகளில் கூட்டமாக வாழ்வது ஜெர்மன் கரப்பான். பெரியதற்குக் குழாய் வாய்களில் சல்லடை போட்டு, விரிசல்களை அடைத்தாலே பாதி குறையும். அது முட்டைப்பையை ஓர் இடுக்கில் ஒட்டிவிட்டுப் போய்விடும், உள்ளே 14 முதல் 16 முட்டை. கண்ணில் பட்டால் நசுக்கி எரித்துவிடுங்கள்.

சின்னதுதான் தலைவலி. 30 முதல் 40 முட்டைகள் உள்ள பையைப் பொரியும் வரை தன் உடம்பிலேயே சுமந்து திரியும். ஸ்பிரே எட்டாத ஆழத்தில் தாய் ஒளிந்திருந்தால் முட்டையும் பத்திரம். இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் குஞ்சுகளும் முட்டையிடத் தயாராகும். அதோடு, பைரித்ராய்டு என்ற ரசாயன வகை ஸ்பிரேக்களைத் தாங்கும் எதிர்ப்பு இவற்றில் பரவலாக வந்துவிட்டது. அடிக்கும்போது சாகாமல் சிதறி அடுத்த அறைக்குப் போகும்.

இதற்கு ஜெல் இரை (மருந்து கலந்த பசை) தான் சரி. ஒரே இடத்தில் பெரிதாக வைக்காமல் மிளகளவு மிளகளவாகப் பல இடங்களில் வையுங்கள்: கதவுக் கீல், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் துளை, ஃபிரிட்ஜ் மோட்டாரின் பக்கம், அலமாரியின் உள்மூலை. எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் முதல் நாள் இரவு ஒட்டும் அட்டைகளை வைத்துப் பாருங்கள். அதிகம் ஒட்டிய இடத்துக்கு அருகில் கூடு இருக்கிறது. இரை தின்ற கரப்பான் தன் இடுக்குக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். இரை வைத்த இடத்தில் ஸ்பிரே மட்டும் அடித்துவிடாதீர்கள், வாடையால் இரையைத் தொடாமல் ஒதுங்கிவிடும். சுமந்துகொண்டிருந்த பைகள் பின்னால் பொரியும், ஆகவே மூன்று நான்கு வாரத்தில் இரையைப் புதுப்பியுங்கள்.

இரவில் பாத்திரம் கழுவும் தொட்டியைத் துடைத்து உலர்த்திவிட்டுப் படுங்கள். கரப்பான் பட்டினி கிடக்கும், தாகம் தாங்காது.

வெள்ளையாக ஒரு கரப்பானைக் கண்டு புது வகை என்று பயந்து அழைப்பவர்கள் உண்டு. அப்போதுதான் தோல் உரித்தது, சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். கிருமியைச் சுமப்பதோடு, கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் காற்றில் கலந்து ஆஸ்துமாவைத் தூண்டும். ஆகவே கொன்ற பிறகு இடுக்குகளை ஈரத்துணியால் துடைப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

மூட்டைப்பூச்சி நோய் பரப்புமா?

அது மனிதருக்கு நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை. அரிப்பு, சொறிந்த புண்ணில் சீழ், தூக்கமின்மை ஆகியவைதான் அதன் தொல்லை. அதுவே பெரிய வேதனை என்பதை மறுக்கவில்லை. ஒவ்வொரு தோல் உரிப்புக்கும் அதற்கு ஒரு முறை ரத்தம் வேண்டும், மொத்தம் ஐந்து முறை உரிக்கும். உணவில்லாமல் மாதக்கணக்கில் தாங்கும், எனவே அறையைப் பூட்டிப் போட்டுக் கொல்ல முடியாது. வெப்பம் கொல்லும். துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், மெத்தைத் தையலிலும் கட்டில் மூட்டிலும் நீராவி காட்டுங்கள். முட்டை பொரிய ஒன்றரை வாரம் வரை ஆகும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது தீ விபத்தில் முடியும், தயவுசெய்து வேண்டாம்.

பேன்?

தலைப்பேன் நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை, அழுக்கின் அடையாளமும் இல்லை. ஈர் பொரிய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஈரத் தலையை நெருக்கமான பல் உள்ள சீப்பால் மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரத்துக்கு மேல் வாரினால் புதிதாகப் பொரிந்தவை முட்டையிடும் முன்பே சிக்கும். மருந்து போட்டாலும் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் இரண்டாவது முறை போட வேண்டியிருக்கும்.

உடற்பேன் வேறு. அது துணியின் தையலில் வாழ்ந்து முட்டையிட்டு, ரத்தம் குடிக்க மட்டும் உடம்புக்கு வரும். டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது அதுதான் (டைஃபாய்டு வேறு நோய்). துனிஸ் நகர மருத்துவமனையில் டைஃபஸ் நோயாளிகளைக் குளிப்பாட்டி, பழைய துணியை வாங்கிக்கொண்டு உள்ளே விட்ட பிறகு அவர்களிடமிருந்து யாருக்கும் நோய் தொற்றாததை சார்லஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் கவனித்தார். அப்படியானால் நோய் துணியில் இருக்கிறது என்று ஊகித்து, 1909-இல் பேன்தான் காரணம் என்று காட்டினார். 1928-இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் துணியை வெந்நீரில் துவைத்து மாற்றுவதுதான் உடற்பேனுக்கு மருந்து.

நாய்க்கும் பூனைக்கும் மருந்து போட்டும் தெள்ளுப்பூச்சி போகவில்லையே?

விலங்கின் மேல் நீங்கள் பார்ப்பது கூட்டத்தின் சிறு பகுதி. முட்டைகள் உதிர்ந்து தரைவிரிப்பிலும் படுக்கையிலும் பொரியும். புழு, தாய்ப்பூச்சி கழித்த காய்ந்த ரத்தத்தைத் தின்று வளர்ந்து, தூசியால் கூடு கட்டும். கூட்டுக்குள் தயாரான பூச்சி மாதக்கணக்கில்கூடக் காத்திருந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் வந்ததும் குதித்து வெளியே வரும். பூட்டியிருந்த வீட்டைத் திறந்து நுழைந்ததும் காலெல்லாம் கடிப்பது அதனால்தான். தினமும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். அந்த அதிர்வே பலவற்றை வெளியே வரவழைக்கும். விலங்கின் படுக்கையை வாரா வாரம் வெந்நீரில் துவைத்து, விலங்குக்கு மருந்தும் தொடருங்கள்.

எலித் தெள்ளு பிளேக் பரப்புவதை 1898-இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டினார். நோயுற்ற எலி இறந்ததும் அதன் தெள்ளுகள் வேறு உடம்பைத் தேடும். எலிகள் ஒரே சமயத்தில் செத்து விழுந்தால் வெறுங்கையால் தொடாமல் உடனே சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள்.

வயலுக்கு அடிக்கும் மருந்து பலமானது, அதை வீட்டுக்குள் அடிக்கலாமா?

கூடவே கூடாது. அதன் வீரியம் வேறு, மூடிய அறையில் அது தங்கும் காலம் வேறு. எந்த மருந்தையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், இரண்டு மருந்துகளைக் கலக்காதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு டெங்கு. மற்றவர்களை எப்படிக் காப்பது?

நோயாளியைக் கொசுவலைக்குள் வையுங்கள், பகலிலும். காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து தொடங்கியபின் ஐந்து நாள் வரை அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அப்போது அவரைக் கடிக்கும் கொசு ஒன்றிரண்டு வாரத்தில் மற்றவர்களுக்கு அதைக் கொடுக்கும். அன்றே வீடு முழுக்கத் தேங்கிய தண்ணீரைத் தேடிக் கொட்டி, பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவுங்கள், பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும். டெங்கு மோசமாவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான், அதனால் சூடு குறைந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மிகுந்த சோர்வு, அமைதியின்மை இவற்றில் ஒன்று தெரிந்தாலும், இரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.